காயல் இறாலை ஆராய்ந்த கேசவப் பணிக்கர்

மட்டாஞ்சேரி ஜூ டவுனில், மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளின் பின்புறம் காயல் கிடக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் வளர வருவது இத்தகைய உப்பங்கழிகளுக்குத்தான். இறால்களை ஆராய்ந்த நம் நாட்டு முன்னோடிகளுள் ஒருவர் டாக்டர் என். கேசவப் பணிக்கர்.

1913-ல் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக் கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ஆர். கோபால ஐயரிடம் பயின்றார். முதுகெலும்பற்ற கடல் பிராணிகளே அவருடைய பாடம். பாறையில் ஒட்டி வாழும் கடற்சாமந்திகளை முதலில் ஆராய்ந்தார். 1937-ல் மலபார்க் கரையின் இறால் தொழிலைப் பற்றி எழுதினார். பின்னர் இங்கிலாந்து சென்று, நீரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் இறால் தன் உடலின் உப்பைச் சீராக வைத்துக்கொள்ளும் விதத்தை பிளிமத் நகரில் ஆராய்ந்தார். கடலுக்கும் காயலுக்கும் இடையே இறாலை வாழவைப்பது இத்திறனே.

1950-களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை வகித்தார். 1966-ல் தேசிய கடலாராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். கொச்சிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கி, 1977-ல் காலமானார்.

காயலைத் தூர்த்தால் கடலிலும் இறால் குறையும்; வலையை நம்பிய வீடுகளில் உலை ஏறாது. அவர் வளர்த்த கல்வி நமக்குச் சொல்லும் எச்சரிக்கை இதுவாகும்.