152 அடி: பென்னிகுயிக் விட்டுப்போன கணக்கு

குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் முகடு தெரியும். அந்த முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுற மழை கொட்டகுடி ஆறாகி, போடி வழியா வைகைக்கு வரும். அந்தப் பக்கம் விழுற மழை குண்டளை, முதிரப்புழை வழியா பெரியாற்றில் சேர்ந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போயிடும். மேற்குச் சரிவில் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். கிழக்கே நம்ம பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஒரே மலை, இரண்டு கணக்கு. இந்தக் கணக்கை மாற்றி எழுதினவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம். பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளுக்கு ஊர்களில் பொங்கல் வைக்கிறாங்க. ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நாம அவரைக் கும்பிட்டா மட்டும் போதாது. அவர் கட்டினது 130 வருஷமா எப்படி வேலை செய்யுதுன்னு அளந்து பார்க்கணும். ஒரு கட்டடம் நல்லா இருக்கா என்பதைத் திறப்பு விழா கல்வெட்டு சொல்லாது. அதற்கப்புறம் எழுதி வைக்கிற அளவுகள்தான் சொல்லும்.

சின்ன வயசு

பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். அப்பா ராணுவ அதிகாரி. 1849 ஜனவரியில் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பாவும், பதினேழு வயசு அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனாங்க. ஜானுக்கு அப்போ எட்டு வயசு முடியலை. இங்கிலாந்தில் செல்டன்ஹாமிலும், பிறகு ஆடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியிலும் படித்தார். மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகி 1860இல் இந்தியாவுக்கு வந்தார். 1868 அபிசீனியப் போருக்குப் போய் வந்தார். அதன்பின் அவர் வேலை பெரும்பாலும் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில்தான்.

ஏற்கெனவே தோற்றுப்போன திட்டம்

பெரியாற்றுத் தண்ணியைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை அவருடையது இல்லை. 1789இலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி இடம் பார்க்கச் சொன்னார். 1808இல் கேப்டன் கால்டுவெல் அளந்து பார்த்து, நடக்காத காரியம்னு அறிக்கை கொடுத்தார். 1850இல் சின்னதா ஒரு மண் அணை வேலை ஆரம்பித்து, காய்ச்சலால் நின்னுபோச்சு. 1860களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார். அடுத்து ஸ்மித் என்பவர் அதைத் திருத்தினார். பிறகு 1876–78 பெரும் பஞ்சம் வந்தது. வைகைக் கரையில் தண்ணி இல்லைன்னா என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படலை. 1882இல் திட்டத்தைப் புதுசா தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுயிக் கைக்கு வந்தது.

அந்தக் காலத்துப் பாசனத் திட்டங்களுக்கு அரசாங்கம் வைத்த முக்கியமான தேர்வு இது: போட்ட முதலுக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் தீர்வையா திரும்பி வரும்? வட்டிக்குக் கட்டுபடியானால் அனுமதி சுலபம், இல்லைன்னா சிரமம். இன்றைக்கு நாம படிக்கிற ‘ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட்’ அன்றைக்கே இருந்தது. ஆனா அந்த அளவுகோலில் பசி ஒரு கட்டமே இல்லை. எதை அளக்கிறோமோ அதுதான் அறிக்கையில் வரும், அளக்காதது வராது. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது.

காட்டில் எட்டு வருஷம்

ரோடு இல்லாத அடர்காடு. பருவமழையில் ஆறு பெருகும். தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டுப் போச்சு. மலேரியாவும் காலராவும் வேறு. மலைக்குக் கீழே கூடலூர்ப் பக்கத்திலிருந்து சாமான்களைக் கம்பிவட ரோப்வேயில் மேலே ஏத்தினாங்க. (குரங்கணிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. பின்னாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கினதும் ரோப்வேயில்தானே!)

அணையின் பொருள் சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கின்னா சுட்ட செங்கல் பொடி. அதோடு மணலும் கருங்கல் ஜல்லியும் சேர்த்த கான்கிரீட் உள்ளே. முகப்பில் கல் கட்டு. அஸ்திவாரத்திலிருந்து உயரம் 176 அடி, நீளம் சுமார் 1,200 அடி, அடியில் அகலம் 138 அடி, உச்சியில் 12 அடி. இது கிராவிட்டி டேம், அதாவது தன் எடையாலேயே தண்ணியின் தள்ளுதலைத் தாங்கி நிற்கும்.

இதில் அழகான விஷயம் மதகு இருக்கும் இடம். பாசனத் தண்ணி அணைச் சுவரைத் துளைச்சு வரலை. தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து, ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம் வழியா கிழக்கே வருது. சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருக்கு, முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 104க்குக் கீழே எவ்வளவு தண்ணி இருந்தாலும் அது நம்ம கணக்கில் சேராது. அதனாலதான் தேனி, மதுரை விவசாயிகள் இன்னிக்கும் பேப்பரில் முதலில் பார்ப்பது பெரியாறு எத்தனை அடின்னு. ஒரு மாவட்டமே தினமும் பார்க்கிற பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் அது.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். பென்னிகுயிக் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு லண்டன் சிவில் பொறியாளர் சங்கம் டெல்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் இந்தியப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளம் பற்றிக் குயின்ஸ்லாந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1911 மார்ச் 9இல் இங்கிலாந்தில் காலமானார். சொத்தை வித்து அணை கட்டினார்னு ஊர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. அவர் பெருமைக்கு அந்தக் கதை தேவையே இல்லை, அணையே போதும்.

அவர் போன பிறகு

வாழ்க்கை வரலாறு பொதுவா இங்கே முடிஞ்சிடும். ஒரு கட்டடத்தோட வரலாறு இங்கேதான் ஆரம்பிக்குது.

பெரியாறு அணை திறக்கப்பட்ட அதே 1895இல், ஏப்ரல் 27ஆம் தேதி, பிரான்ஸில் பூஸே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க. அணைக்கு அடியிலும் உள்ளேயும் கசியும் தண்ணி, சுவரைக் கீழிருந்து மேலே தூக்கும். அந்த விசையைக் கணக்கில் சேர்க்கணும் என்பது அதுக்குப் பிறகுதான் பரவலா ஏற்கப்பட்டது. இன்னிக்கு நம்ம பாடப்புத்தகத்தில் ‘அப்லிஃப்ட் பிரஷர்’னு படிக்கிறோம். பென்னிகுயிக் தன் அணையை வடிவமைத்த காலத்தில் அது வழக்கத்தில் இல்லை. அது அவர் குத்தமும் இல்லை. ஆனா பின்னால் வந்தவர்கள், அன்றைக்கே கணக்குப் போட்டாச்சேன்னு சும்மா இருந்திருந்தால் அது அவர்கள் குத்தம் ஆகியிருக்கும்.

கசிவு தண்ணியோடு சுண்ணாம்பும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போகும். 1930களில் அணைக்குள் துளை போட்டு சிமென்ட் கூழ் செலுத்தினாங்க. 1979இல் அணையின் பாதுகாப்பு பற்றிக் கேரளப் பக்கம் அச்சம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு மூணு வேலைகள். உச்சியில் கான்கிரீட் தொப்பி போட்டு எடையைக் கூட்டினது ஒண்ணு. அணை வழியாகத் துளையிட்டு, எஃகு வடத்தை அடிப்பாறையில் நங்கூரம் போட்டு இழுத்துக் கட்டினது ரெண்டு. பின்பக்கம் கான்கிரீட் முட்டு கொடுத்து, அதில் கசிவு நீரைப் பார்க்கவும் அளக்கவும் கேலரி வச்சது மூணு. 2006இலும், மறுபடி 2014 மே 7இலும், 142 அடி வரை தேக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014 நவம்பரில், 35 வருஷத்துக்குப் பிறகு, தண்ணி 142 அடியைத் தொட்டது.

அந்தக் கேலரி அளவை எப்படிப் படிக்கணும்? கசிவே இல்லாத அணை கிடையாது. நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏறணும், இறங்கினால் இறங்கணும். மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு திடீர்னு கூடினால் ஆபத்து. தண்ணி கலங்கலா வந்தால் இன்னும் ஆபத்து. திடீர்னு குறைஞ்சாலும் சந்தோஷப்பட முடியாது, வடிகால் அடைச்சு உள்ளே அழுத்தம் ஏறுதோ என்னவோ. ஒரு நாள் அளவை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கான பதிவு இருந்தால்தான் எது வழக்கம், எது வழக்கம் மீறினதுன்னு தெரியும்.

இரண்டு மாநிலமும் நாற்பது வருஷத்துக்கு மேலா இந்த அணைக்காகச் சண்டை போடுது. கீழே இருக்கும் மக்களின் பயம் நிஜம். இந்தப் பக்கம் வயல்களின் தேவையும் நிஜம். கோஷம் போட்டு இரண்டையும் தீர்க்க முடியாது. நேர்மையா எடுத்து, இரண்டு பக்கமும் நம்பக்கூடிய அளவுகள் இருந்தால் பேச ஒரு பொது இடமாவது கிடைக்கும்.

இதே பாடம் சின்னக் கட்டடத்துக்கும் பொருந்தும். நாளைக்கு நம்மில் பலர் ஆஸ்பத்திரி, ஐடி பார்க், ஹாஸ்டல்னு ஏதோ ஒரு கட்டடத்தைப் பராமரிக்கிற வேலைக்குப் போவோம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட், ஒரு ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணி, லிஃப்ட் மாசத்துக்கு எத்தனை மணி நேரம் நின்னுச்சு என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுவது சலிப்பான வேலைதான். விழா எடுக்க மாட்டாங்க. ஆனா அந்த நோட்டு இல்லாத கட்டடத்தில் பிரச்சினை வந்த பிறகுதான் பிரச்சினை தெரியும்.

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அளக்கிறது மட்டும்தான் அறிக்கையில் வரும். பெரியாறு கட்டுமானத்தின்போது நோயால் இறந்தவர்கள் 483 பேர்னு பதிவு இருக்கு. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடமும் இருக்கு. எண்ணி எழுதினதால்தான் அந்த 483 நமக்குத் தெரியுது. முதலுக்கு எத்தனை சதவீதம்னு கேட்ட அளவுகோலில் அவர்களுக்கு இடமில்லை. பெரியாறு 142 அடின்னு பேப்பரில் பார்க்கும்போது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் வச்சுப் படிக்கணும்.