கடமையும் மனச்சாட்சியும்: நல்லைநகர் நாவலர் பெருமான்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளை, சிவகாமி அம்மையார் தம்பதியினருக்கு 1822 ஆம் ஆண்டு மார்கழி மாதம் இளைய புதல்வராக அவதரித்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள்.

தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்ற அவர், தாம் ஆங்கிலம் பயின்ற வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயே ஆசிரியரானார். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்க அவரது துணையை நாடினார். வேற்றுச் சமய நூலாயினும் ஏற்றுக்கொண்ட வேலையில் அவர் குறை வைக்கவில்லை. அதேவேளை தமது சிவாசாரத்தையும் கைவிடவில்லை.

ஆயினும் அவரது உள்ளம் அமைதி கொள்ளவில்லை. கல்விக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சைவப் பிள்ளைகள் மதம் மாறுவதை அவர் கண்முன்னே கண்டார். கற்பித்த இடத்துக்கான நன்றியும் மாதச் சம்பளமும் ஒருபுறம் இழுத்தன. மனச்சாட்சி மறுபுறம் இழுத்தது. 1847 ஆம் ஆண்டு மார்கழியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷன் பாடசாலையில் ஆசிரியர், கோயிலில் சைவப் பிரசங்கி என்ற இரட்டை நிலை நீடிக்க முடியாததாயிற்று. 1848 ஆம் ஆண்டு தாமாகவே உத்தியோகத்தைத் துறந்தார்.

அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு தமிழகம் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். அப்பயணத்தின்போது திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. சிறுவர்களுக்குப் பாலபாடங்களையும், பெரியோருக்குப் பெரியபுராண வசனம் முதலான நூல்களையும் ஆக்கினார். 1864 இல் சிதம்பரத்திலும் பாடசாலை அமைத்தார். ஆங்கிலக் கல்வியால் கிடைத்திருக்கக்கூடிய பெரும் பதவிகளையும் இல்லற வாழ்வையும் தாம் மேற்கொண்ட பணிக்காக வேண்டாமென விட்டார். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1879 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 5 ஆந் திகதி சிவபதமடைந்தார்.

குடும்பப் பாரம் சுமக்கும் எல்லோராலும் நாவலரைப்போல் அனைத்தையும் துறக்க இயலாது. ஆனால் அவர் வாழ்வு இல்லறத்தாருக்கும் ஒரு வழி காட்டுகிறது. சம்பளம் பெறும்வரை வேலையை ஒழுங்காகச் செய்தல் வேண்டும். அவ்வேலைக்காகத் திருநீற்றை அழித்தல் ஆகாது. இரண்டும் ஒத்துப்போகாத நாள் வந்தால் எதனை விடுவது என்பதை முன்கூட்டியே மனத்தில் தெளிந்திருத்தல் வேண்டும். ஆசை பெரிதோ கடமை பெரிதோ என்று மனம் தடுமாறும் வேளையில் கோயில் வாசலில் சற்று நின்று சிந்திப்போருக்கு எம்பெருமான் அத்தெளிவை அருள்வாராக.