கைவேலைக்குப் பெயர் வாங்கித் தந்த கமலாதேவி அம்மா



நம்ம குழுக் கூட்டத்துல நீங்களே பார்த்திருப்பீங்க. தீர்மான நோட்டை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள ஒருத்தர் கையில ஒயர் கூடை நாலு வரிசை ஏறியிருக்கும். இன்னொருத்தர் மடியில குரோஷா நூல்கண்டு உருண்டுகிட்டு இருக்கும். என்ன பண்றீங்கன்னு கேட்டா, சும்மா பொழுது போகறதுக்குன்னு பதில் வரும். அதையே யாராவது விலைக்குக் கேட்டா, வாய் வராது. நூல் காசு மட்டும் குடுங்க போதும்னு சொல்லிடுவோம். மூணு நாள் உழைப்பு அதோட போச்சு.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உள்ளது இல்லை. நாடு முழுக்கக் கைவேலை செய்கிறவர்களிடம் இருந்தது. அதைப் போக்குவதற்காகவே வாழ்நாளில் பாதியைக் கொடுத்தவர் கமலாதேவி சட்டோபாத்யாயா. நம் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

எழுதாமல் போன உயில்

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி மங்களூரில் பிறந்தார். அப்பா பெரிய அரசு அதிகாரி. வசதியான வீடு. அம்மா கிரிஜாபாய் படித்தவர், விஷயம் தெரிந்தவர். கமலாதேவிக்கு ஏழு வயதானபோது அப்பா திடீரென்று இறந்துபோனார். உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி சொத்து முழுவதும் முதல் தாரத்து மகனுக்குப் போய்விட்டது. மனைவிக்கும் மகள்களுக்கும் மாதாமாதம் ஏதோ படி அளக்கிறோம் என்றார்கள். அம்மா அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். பிறந்த வீட்டிலிருந்து தனக்கு வந்ததை வைத்தே பிள்ளைகளை வளர்த்தார்.

நேற்றுவரை ராணி மாதிரி இருந்த அம்மாவுக்கு, ஒரே நாளில் வீடு கூடச் சொந்தமில்லை. ஏழு வயசுப் பிள்ளை இதைக் கண்ணால் பார்த்தது. பெண் பேரில் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்கும் புதுசு இல்லையே. நம்மில் பல பேர் குழுவில் சேர்ந்ததே அதனால்தானே.

மெட்ராஸுக்கு வந்த இளம் விதவை

1917இல், பதினாலு வயதில் கமலாதேவிக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். இரண்டே வருடத்தில் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். கமலாதேவி உட்காரவில்லை. மெட்ராஸ் வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு சரோஜினி நாயுடுவின் தம்பியும் கவிஞருமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயாவை மணந்தார். விதவை மறுமணம், அதுவும் சாதி விட்டு, மொழி விட்டு. ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருவரும் சேர்ந்து நாடகம் போட்டார்கள். ஒரு மகன் பிறந்தான். பின்னாளில் அந்தத் திருமணமும் மணமுறிவில் முடிந்தது. அதற்காகவும் அவர் முடங்கிப்போகவில்லை.

1926இல் மெட்ராஸ் மாகாணச் சட்டசபைத் தேர்தலில் நின்றார். இந்தியாவில் சட்டசபைக்குப் போட்டியிட்ட முதல் பெண் அவர்தான். மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த வருடமே அகில இந்தியப் பெண்கள் மாநாடு என்ற அமைப்பு உருவானபோது, அதில் முன்னணியில் நின்று வேலை செய்தார்.

உப்புப் பொட்டலம்

1930இல் காந்தி உப்புச் சத்தியாகிரகம் தொடங்கினார். தண்டி யாத்திரையில் பெண்களைச் சேர்க்கவில்லை. போராட்டத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று நேரில் போய் வாதாடியவர்களில் கமலாதேவியும் ஒருவர். பிறகு பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள்ளேயே போய் விற்றார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

நம்ம ஊர்ச் சந்தையில் கடை போடவே எத்தனை பேருக்குக் கூச்சம்! அவர் விற்கப் போன இடம் கோடீஸ்வரர்கள் கூடும் இடம். கையில் இருந்ததோ ஒரு பிடி உப்பு. கையால் செய்த பொருளை நிமிர்ந்து நின்று விற்கலாம் என்பதை அன்றே காட்டிவிட்டார்.

அகதிகளோடு ஒரு கூட்டுறவு

1947இல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. வீடு வாசல் இழந்த குடும்பங்கள் டெல்லி முகாம்களில் குவிந்தன. கமலாதேவி நினைத்திருந்தால் தேர்தலில் நின்று பதவிக்குப் போயிருக்கலாம். அந்தப் பக்கமே போகாமல், 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார். இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மனுஷனுக்குக் கூச்சம்தான் மிஞ்சும், சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சம்பாதித்தால் தலை நிமிரும் என்பது அவர் எண்ணம். எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்காக ஃபரிதாபாத் நகரம் உருவானபோதும் அந்த ஒன்றியம் துணை நின்றது.

செய்து முடித்த பொருளை எங்கே விற்பது? இந்தக் கேள்விதான் இன்றைக்கும் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் முதலில் வருகிறது. டெல்லியில் அரசு நடத்திவந்த குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தின் நிர்வாகத்தைக் கமலாதேவியின் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. மூலையில் தூசி படிந்து கிடந்த கைவினைப் பொருள்கள், நகரத்து மக்கள் தேடி வந்து வாங்கும் பொருள்களாக மாறின.

காளஹஸ்தித் துணி

1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைந்தது. ஏறத்தாழ இருபது வருடம் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவர் இல்லை. ஊர் ஊராகப் போனார். எந்தத் தெருவில் யார் என்ன செய்கிறார், அந்த வேலை யாரோடு முடிந்துபோகும் நிலையில் இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தார்.

நம்மில் பலர் ராகு கேது பூஜைக்குப் போகிற காளஹஸ்தியிலும் அப்படி ஒரு வேலை இருந்தது. அதுதான் கலம்காரி. கோயில் திரைச்சீலைகளில் ராமாயணம், பாரதம் வரைகிற கலை. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, மேலே கம்பளி நூலையோ துணியையோ சுற்றிக் கட்டினால் அதுதான் கலம், அதாவது பேனா. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பால் சேர்ப்பதால் மை பரவாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்தால் மை தயார். அந்த மை கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாக மாறிவிடும். சிவப்பு பிடிக்கப் படிகாரம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை அலசல், காயவைத்தல். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

அம்மா அந்த ஊருக்குக் கவனம் திருப்பியபோது, இந்த வேலை தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான் மிஞ்சியிருந்தார்கள். 1950களில் அங்கே ஒரு பயிற்சி மையம் வந்தது. வயதான ஆசிரியர்கள் பக்கத்தில் இளைஞர்கள் உட்கார்ந்து பழகினார்கள். உதவித்தொகை கொடுத்ததால், கூலி வேலையை விட்டுவிட்டு நிம்மதியாகக் கற்றுக்கொள்ள முடிந்தது. இன்று காளஹஸ்தியில் எத்தனையோ பெண்கள் கலம் பிடித்துப் பிழைக்கிறார்கள். நம் சென்னைக் கலாக்ஷேத்ராவில் கலம்காரிக் கூடம் அமைந்ததிலும் அவர் பங்கு உண்டு.

பெயரும் விலையும்

கோயில் சிற்பத்திலும் பட்டுச்சேலையிலும் செய்தவர் பெயர் இருக்காது. செய்தவருக்கு அடையாளம் வேண்டும் என்று கமலாதேவி நினைத்தார். 1965இல் தலைசிறந்த கைவினைஞர்களுக்கான தேசிய விருது தொடங்கியது. குயவரும் நெசவாளரும் டெல்லிக்குப் போய் நாட்டின் மரியாதையைப் பெற்றுத் திரும்பினார்கள். 1964இல் உலகக் கைவினைக் கவுன்சில் தோன்றியபோது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதே வருடம் அவர் முயற்சியால் பிறந்த இந்தியக் கைவினைக் கவுன்சிலின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

கைப்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. தினமும் புழங்க வேண்டும், கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டும். அவரே அப்படித்தான் வாழ்ந்தார். சின்ன வயதிலேயே விதவையாகி நிறமும் பூவும் கூடாது என்று சொல்லப்பட்ட அந்தப் பெண், கடைசிவரை பளிச்சென்ற கைத்தறிச் சேலையும், கைவினை நகையும், கொண்டையில் பூவுமாக வலம் வந்தார். செய்கிறவர் ரசித்துச் செய்ததை, கட்டுகிறவர் ரசித்துக் கட்டினார்.

1966இல் மகசேசே விருது, 1987இல் பத்ம விபூஷண் என்று பெருமைகள் வந்தன. 1988 அக்டோபர் 29 அன்று, 85ஆவது வயதில் காலமானார்.

நம்ம நோட்டில் இரண்டு வரி

போன தடவை கண்காட்சியில் நம்ம சகோதரி ஒருவர் குரோஷா மேசை விரிப்பை வைத்திருந்தார். வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார். அவரும் தலையாட்டிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த நாங்களும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் மனசு உறுத்துகிறது.

அதனால் ஒன்று செய்வோம், சகோதரிகளே. எந்தப் பொருள் செய்தாலும் நோட்டில் இரண்டு வரி எழுதுவோம். நூலுக்கு, ஒயருக்கு எவ்வளவு என்று ஒரு வரி. எத்தனை மணி நேரம் ஆச்சு என்று இன்னொரு வரி. இரண்டையும் கூட்டினால்தான் விலை. பிசிறு இருந்தால் பிரித்து மறுபடி பின்னுவோம், அதில் வெட்கம் இல்லை. ஒரு சின்னச் சீட்டில் செய்தவர் பெயரை எழுதிப் பொருளோடு கட்டிவிடுவோம்.

கூட்டத்தில் பின்னுவதையும் நிறுத்த வேண்டாம். அந்தச் சந்தோஷம் நமக்கு வேணும். இனிமேல் யாராவது என்ன பண்றீங்கன்னு கேட்டா மட்டும், சும்மான்னு சொல்லாம இருப்போம்.