'ர' வராத நடிகர்!

எனக்கு 'ர' வராது. இது நம்ம டிபார்ட்மென்டில் எல்லோருக்கும் தெரிஞ்ச ரகசியம். வேறு எந்தப் பிரிவில் சேர்ந்திருந்தாலும் பிழைத்திருப்பேன். சேர்ந்ததோ எலக்ட்ரானிக்ஸ்! ரெசிஸ்டர், ரிலே, ரேடார், ரெக்டிஃபையர்... எங்கே திரும்பினாலும் 'ர'தான். முதலாமாண்டு வைவாவில் நான் 'லெக்டிஃபையல்' என்று சொன்னதும், எதிரே இருந்தவர் சிரித்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சிரித்தார். பதில் சரிதான், மார்க்கும் வந்தது. ஆனால் அன்றிலிருந்து செமினார் என்றாலே எனக்குக் காய்ச்சல்.

அப்படிப்பட்ட நான் இந்த மலரில் ஒரு நடிகரைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம், சின்ன வயசில் அவருக்கும் 'ர' வராது என்பதுதான். பெயர் கிளாட் ரெயின்ஸ். பாருங்க, பெயரிலேயே 'ர'! ரெயின்ஸ் என்பது அவர் வாயில் 'வெயின்ஸ்' என்றுதான் வருமாம். பக்கத்து ரூம் அண்ணனின் லேப்டாப்பில் 'நொட்டோரியஸ்' என்ற பழைய படத்தைப் பார்த்துவிட்டு, அதில் வில்லனாக வந்த இந்த மனிதர் யார் என்று தேடப் போய்த்தான் இத்தனையும் தெரிய வந்தது.

1889 நவம்பர் 10-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பாவும் நடிகர்தான், ஆனால் வீட்டில் வறுமை. பிறந்த பன்னிரண்டு குழந்தைகளில் தங்கியது மூன்றே பேர். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டுப் பேப்பர் விற்கப் போனார் நம்மாள். பத்து வயதில் மேடையில் தலை காட்டினார். பிறகு லண்டனின் பெரிய நாடக அரங்கு ஒன்றில் எடுபிடி வேலை: நடிகர்களின் அறைக் கதவைத் தட்டி, அவங்க மேடை ஏற வேண்டிய நேரத்தைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து பிராம்டர், அப்புறம் மேடை நிர்வாகி. அடுத்தவர் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தவருக்குச் சொந்தமாக வசனம் பேச வாய் ஒத்துழைக்கவில்லை! சேரிப் பேச்சு வேறு. அந்த அரங்கின் முதலாளி ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, பெரிய நடிகர். பையனிடம் ஏதோ இருக்கு என்று பார்த்து, உச்சரிப்புப் பயிற்சிக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார். 'ர' வந்தது.

முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போனார். 1916-ல் பிரான்சில் விமி என்ற இடத்தில் விஷவாயுத் தாக்குதல். வலது கண் பார்வை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. திரும்பி வந்து நடித்தார். 1920-களில் லண்டனின் ராயல் நாடக அகாடமியில் ஆசிரியராகவும் இருந்தார். ஜான் கில்கட், சார்லஸ் லாட்டன் எல்லாம் அவர் மாணவர்கள். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். 'வெயின்ஸ்' என்று தன் பெயரைச் சொன்ன பையன் வாத்தியார் ஆகிவிட்டான்!

அமெரிக்கா போய் முதல் பேசும்படத்தில் நடித்தபோது வயது 43. படம் 'தி இன்விசிபிள் மேன்', 1933. வேடிக்கை என்னவென்றால் கடைசிக் காட்சி வரை அவர் முகமே தெரியாது. ஒன்று கட்டு, இல்லாவிட்டால் வெறும் காற்று. (நம்ம ஆட்களுக்காக ஒரு தகவல்: தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட் போர்த்தி, அதற்கு மேலே சட்டையை மாட்டி, கறுப்பு வெல்வெட் பின்னணியில் எடுத்து, அதை இன்னொரு ஃபிலிமோடு சேர்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம்!) முழுப் படத்தையும் தாங்குவது குரல் ஒன்றுதான். எந்த வாய் வராது என்றார்களோ அந்த வாய்.

இனி 'நொட்டோரியஸ்'. 1946, ஹிட்ச்காக் எடுத்தது. ரியோ டி ஜெனிரோவில் பதுங்கியிருக்கும் நாஜிக் கூட்டத்தை வேவு பார்க்க, கேரி கிராண்ட் தான் காதலிக்கும் இங்கிரிட் பெர்க்மனையே அனுப்புகிறார். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் செபாஸ்டியன்தான் ரெயின்ஸ். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பெர்க்மன் கையிலிருக்கும் சாவியைப் பற்றித்தான் பேசுவார்கள். மாடி உயரத்திலிருந்து கேமரா ஒரே ஷாட்டில் அந்தச் சாவி வரைக்கும் இறங்கி வரும். பிரமாதம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாவி காணாமல் போனதையும், விடிந்ததும் கொத்தில் திரும்ப வந்திருப்பதையும் கவனிக்கிற மனிதனின் முகத்தை யாராவது பார்த்தீங்களா? கண்ணை உருட்டவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. மனைவி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்பது தெரியும் அந்த ஒரு நொடியில் முகத்தில் கிழடு தட்டிவிடுகிறது. நேராகப் போய் அம்மாவை எழுப்பி, தலை குனிந்து சொல்கிறார், தப்பு பண்ணிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி. (அம்மாவாக நடித்தவர் இவரைவிட நாலு வயசுகூடப் பெரியவர் இல்லை!)

பெர்க்மன் இவரைவிட உயரம். சில காட்சிகளில் சாய்வுப் பலகை போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். அந்தக் குறையும் பாத்திரத்துக்கு உதவுகிறது என்பேன். அழகான கதாநாயகன் பக்கத்தில் நின்றால் தோற்றுவிடுவோம் என்று பயப்படும் சின்ன உருவம். உண்மையில் ஹீரோவைவிட இந்த வில்லன்தான் அவளை அதிகம் நேசித்தான் என்று எனக்குப் படுகிறது. காப்பியில் விஷம் வைத்ததும் அவன்தான், அதை மறக்கவில்லை. ஆனாலும் கடைசியில் கார் கதவைப் பூட்டிக்கொண்டு ஹீரோ அவளோடு போய்விட, கூட்டாளிகள் காத்திருக்கும் வீட்டுக்குச் செபாஸ்டியன் படியேறித் திரும்பிப் போகிறானே, அப்போது நமக்குத் தெரிவது அவன் முதுகு மட்டும்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. வில்லன் சாகப் போகிறான் என்று யாராவது வருத்தப்படுவாங்களா? நான் பட்டேன்.

நான்கு முறை துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பெயர் போனது. 'கேஸாபிளாங்கா'வுக்கும் 'நொட்டோரியஸ்'க்கும் சேர்த்து. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. 'நொட்டோரியஸ்' ஆண்டில் வென்றவர் ஹெரால்ட் ரஸ்ஸல், இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு கைகளையும் இழந்த ராணுவ வீரர். அவரிடம் தோற்றதற்குக் கோபப்பட முடியாது. மற்ற மூன்றுக்கும் எனக்குக் கோபம் உண்டு.

ஆறு கல்யாணம், பென்சில்வேனியாவில் பண்ணை, விவசாயம் என்று மீதி வாழ்க்கை. 1962-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'விலும் வந்து போனார். 1967 மே 30-ல் நியூ ஹாம்ப்ஷயரில் இறந்தபோது வயது 77.

படம் பார்க்கணும்னா ஹாஸ்டலில் என் ரூமுக்கு வாங்க. மொட்டை மாடியில் இல்லாவிட்டால் ரூமில் இருப்பேன். மாடியில் இருந்தால் கொஞ்சம் காத்திருங்கள், ரெக்டிஃபையர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த மாதம் வைவா!