ஜவ்வாது மலைக்கும் 1928 ஒலிம்பிக் ஹாக்கி கேப்டனுக்கும் என்ன தொடர்பு? ஜெய்பால் சிங் முண்டாவின் கதை

திருவண்ணாமலையில இருந்து போளூர் வழியா மேலே ஏறினா ஜமுனாமரத்தூர் வரும். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர் அது. அங்கே படிக்கும் ஒரு மாணவி எஸ்.டி. சான்றிதழைக் காட்டித்தான் கல்லூரி இடஒதுக்கீட்டைக் கேட்க முடியும். அந்த உரிமை அரசியல் சாசனத்தில் இடம்பெற வேண்டும் என்று டெல்லியில் ஓயாமல் பேசியவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். அவர்தான் ஜெய்பால் சிங் முண்டா.

யார் இந்த ஜெய்பால் சிங்?

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி பகுதியில் உள்ள டக்ரா கிராமத்தில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் 1903 ஜனவரி 3-ம் தேதி பிறந்தார். ராஞ்சியில் கிறிஸ்தவ மிஷன் நடத்திய பள்ளியில் படித்தார். பையனின் திறமையைப் பார்த்த பள்ளி முதல்வரான பாதிரியார், அவரை இங்கிலாந்துக்கே அழைத்துப் போனார். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் படித்த ஜெய்பால், பல்கலைக்கழக ஹாக்கி அணியிலும் இடம்பிடித்தார். தற்காப்பு ஆட்டத்தில் அவருக்கு நல்ல பெயர்.

அடுத்து ஐ.சி.எஸ். தேர்விலும் தேறினார். இன்றைய ஐ.ஏ.எஸ். பணியின் முன்னோடி அது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஓர் இந்தியருக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. காட்டு கிராமத்தில் மாடு மேய்க்கும் குடும்பத்துப் பையன் கலெக்டர் ஆகப் போகிறான். அந்த நேரத்தில்தான் ஹாக்கி குறுக்கே வந்தது.

லீவு கிடைக்கலை, என்ன செய்தார்?

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல்முறையாக ஹாக்கி ஆடத் தயாரானது. பம்பாயில் கப்பல் ஏறிய வீரர்களை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே மூன்று பேர்தான் என்பது ஹாக்கி வரலாற்றில் பிரபலமான தகவல். இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த ஜெய்பாலுக்கு கேப்டன் பொறுப்பு தேடி வந்தது.

விடுமுறை கேட்டார். இந்தியா அலுவலகம் மறுத்துவிட்டது. போனால் வேலைக்கு ஆபத்து. போகாவிட்டால், நாட்டின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி அணியை வழிநடத்தும் வாய்ப்பு போய்விடும். 25 வயது ஜெய்பால் ஆம்ஸ்டர்டாமுக்கே கிளம்பினார்.

ஒரு கோல் கூட வாங்காத அணி

அந்தத் தொடரில் இந்தியாவின் கணக்கு இதுதான்:

* ஆஸ்திரியா: 6-0
* பெல்ஜியம்: 9-0
* டென்மார்க்: 5-0
* சுவிட்சர்லாந்து: 6-0
* நெதர்லாந்து (இறுதிப் போட்டி): 3-0

மொத்தம் 29 கோல். எதிரணிகள் அடித்தது பூஜ்யம். தியான் சந்த் மட்டும் 14 கோல் அடித்தார்.

இதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. அதே 1928 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அங்கே ஐஸ் ஹாக்கியில் கனடா மூன்று ஆட்டங்களில் 38 கோல் அடித்து, ஒரு கோல் கூட வாங்காமல் தங்கம் வென்றது. பனியில் கனடா, புல்தரையில் இந்தியா என்று ஒரே வருடத்தில் இரண்டு ஹாக்கியிலும் ஒரே மாதிரி ராஜ்ஜியம்!

ஆனால் மே 26-ம் தேதி நடந்த இறுதிப் போட்டியில் கேப்டன் ஜெய்பால் களத்தில் இல்லை. தொடரின் நடுவிலேயே அவர் அணியிலிருந்து விலகியிருந்தார். அணி நிர்வாகத்துடன் ஏற்பட்ட உரசலே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கடைசி ஆட்டங்களில் எரிக் பின்னிகர் தலைமை ஏற்றார். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி தங்கம், அதன் கேப்டன் மைதானத்தில் இல்லாமலேயே வந்தது.

கலெக்டர் வேலை என்ன ஆச்சு?

அனுமதி இல்லாமல் போனவரைச் சும்மா விடுவாங்களா? பயிற்சியை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கச் சொன்னார்கள். ஜெய்பால் அதை ஏற்கவில்லை. ஐ.சி.எஸ். பதவியையே உதறினார்.

பிறகு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை, ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) ஆசிரியர் பணி, ராய்ப்பூரில் ராஜ்குமார் கல்லூரி முதல்வர், பிகானேர் சமஸ்தானத்தில் பதவி என்று பல இடங்களில் இருந்தார். வசதியான வாழ்க்கைதான். ஆனா ராஞ்சிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, சொந்த மக்கள் நிலத்தையும் காட்டையும் இழந்து நிற்பதைக் கண்டார். 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அப்போது முதல் அவருடைய ஆட்டக்களம் அரசியல்தான்.

அரசியல் நிர்ணய சபையில் என்ன பேசினார்?

1946-ல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அந்த டிசம்பரில் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. தன்னை ஒரு காட்டுவாசி என்று பெருமையோடு அறிமுகப்படுத்திக்கொண்டார். பழங்குடிகளுக்கு யாரும் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் அதைக் கற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அவர் வலியுறுத்தியவை:

* பழங்குடி நிலம் வெளியாட்கள் கைக்குப் போகாமல் தடுக்கும் பாதுகாப்பு
* சட்டமன்றம், நாடாளுமன்றம், அரசு வேலைகளில் இடஒதுக்கீடு
* பட்டியல் பழங்குடி என்பதற்குப் பதிலாக ஆதிவாசி என்ற சொல்

மதுவிலக்கு விவாதத்திலும் தனித்து நின்றார். அரிசிக் கள் பழங்குடி வழிபாட்டின் ஒரு பகுதி, அதில் அரசு கை வைக்கக் கூடாது என்றார்.

கேட்டது எல்லாம் கிடைக்கலை. ஆதிவாசி என்ற சொல்லை சபை ஏற்கவில்லை. ஆனால் மக்களவை, சட்டமன்றங்களில் எஸ்.டி. தனித்தொகுதிகளும், அரசு வேலைகளில் இடஒதுக்கீட்டுக்கான வழியும் சாசனத்தில் இடம்பெற்றன. இது அவர் ஒருவரின் சாதனை இல்லை. ஆனால் அந்தச் சபையில் பழங்குடிகளின் குரலாக மிக உரக்க ஒலித்தது அவருடைய குரல்.

ஜார்க்கண்ட் கனவு

பழங்குடிகளுக்கென ஜார்க்கண்ட் என்ற தனி மாநிலம் வேண்டும் என்பது அவருடைய பெரிய கோரிக்கை. அவரது ஜார்க்கண்ட் கட்சி 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்று முக்கிய எதிர்க்கட்சியானது. ஆனால் மாநில மறுசீரமைப்பு ஆணையம் கோரிக்கையை நிராகரித்தது. 1963-ல் ஜெய்பால் தன் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். தனி மாநிலக் கனவை விற்றுவிட்டார் என்று சொந்த ஆட்களே கோபப்பட்டார்கள். அந்த விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

1970 மார்ச் 20-ம் தேதி அவர் டெல்லியில் காலமானார். 30 ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பர் 15-ல் ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. ராஞ்சியில் ஒரு விளையாட்டு மைதானம் அவர் பெயரில் இருக்கிறது.

ஏன் இப்போதும் தெரிஞ்சுக்கணும்?

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இதுவரை 8 தங்கம் வென்றிருக்கிறது. கடைசித் தங்கம் 1980 மாஸ்கோவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வந்தது. அந்த வரிசையின் முதல் கேப்டன் ஜெய்பால். தியான் சந்த் பெயர் தெரிந்த பலருக்கும் இவர் பெயர் தெரியாது.

சாசனத்தில் எழுதப்பட்ட உரிமை மலைக்கிராமம் வரை போய்ச் சேர, அந்த ஒற்றைச் சான்றிதழ் கையில் இருக்கணும். சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் காத்து நிற்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கு, ஜெய்பால் ஆடிய அந்த இரண்டாவது ஆட்டம் இன்னும் முடியவில்லை.