இரண்டு மாத்திரைகளுக்குப் பின்னால் டாக்டர் சுப்பாராவ்

பாசிர் கூடாங் - மூட்டுவாதத்திற்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவோருக்குப் பெரும்பாலும் ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்தே தருவார்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒருவரே, டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது.

1923-இல் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தபடி ஹார்வர்டில் படித்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, இதயம் உட்பட எல்லாத் தசைகளுக்கும் சக்தி தரும் ஃபாஸ்ஃபோகிரியேட்டினையும் ஏடிபியையும் கண்டறிந்தார். (ஏடிபியை அதே காலத்தில் ஜெர்மனியிலும் கண்டறிந்தனர்.) அப்படியும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்கு உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர் அவர். அந்நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை அவரது குழு 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதே அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அவ்வகை மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், இன்று உடலையே தாக்கும் நோய் எதிர்ப்பு சக்தியையும் அடக்குகிறது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும் அவர் குழு தந்ததே.

1948 ஆகஸ்டில், 53 வயதில் அமெரிக்காவிலேயே காலமானார். ஊரில் மனைவியை விட்டுச் சென்றவர் கடைசிவரை தாயகம் திரும்பவே இல்லை.