குபேரும் கிராமத்து வோட்டும்

தலைவர் ஒருவரின் ஜீவிய சரித்திரத்தில் அவருக்கு வோட்டளித்த ஜனங்களின் சரித்திரமும் அடங்கியிருப்பதுண்டு. புதுச்சேரி எதுவார் குபேரின் வாழ்க்கை அத்தகையது. கடற்கரைச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அவருடைய பலத்தின் பெரும்பகுதி நகரத்திலன்று, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களின் நெல்வயல்களுக்கு நடுவே இருந்தது என்பதே நமது அபிப்பிராயம்.

பிரெஞ்சுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் 1894இல் பிறந்த குபேர், 1947இல் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியை ஸ்தாபித்தார். தங்கள் எதிர்காலத்தை ஜனங்களே வோட்டளித்துத் தீர்மானிக்க வேண்டுமென்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்ஸும் உடன்பட்டன. சந்திரநாகூர் 1949இல் அவ்வாறே வோட்டளித்து இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரியிலோ அந்த வோட்டெடுப்பு நடக்கவேயில்லை. மாறாக, 1948 அக்டோபர் முனிசிபல் தேர்தலில் பிரெஞ்சு ஆட்சிக்கு அனுகூலமாயிருந்த குபேர் கட்சி வென்றது. 1951இல் பாரிஸ் சட்டசபைக்கு அவரையே அனுப்பினர். பதிவான வோட்டுகளில் ஏறத்தாழ எல்லாம் அவருக்கே என்று கணக்குக் காட்டப்பட்டது! அபிப்பிராய பேதம் மலிந்த ஒரு நாட்டில் ஒருவருக்கே எல்லா வோட்டும் விழுமாயின், அது சம்மதத்திற்குச் சாட்சியன்று, சுதந்திரமின்மைக்கே சாட்சி. மேர் எவ்வழி, கிராமம் அவ்வழி என்பதே அன்றைய நடைமுறை.

அம்மேர்களே 1954 மார்ச்சில் இந்தியாவுடன் சேர வேண்டுமென்று தீர்மானம் செய்தார்கள். குபேர் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக்கொடி ஏற்றித் தற்காலிக சர்க்கார் அமைத்தார். அவர் மனமாற்றத்தின் காரணம் பற்றி அன்றே பலவாறு பேசினார்கள். நாம் அவ்வாராய்ச்சியில் இறங்கவில்லை. இந்திய எல்லைக்குள் சிதறிக் கிடந்த அக்கிராமங்களுக்கு வேறு வழி இருந்ததா என்பதையே யோசிக்கிறோம்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூரைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். இணைப்புக்கு 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த எட்டு வோட்டுகளையும் நாம் மதிக்கிறோம். எதிர்ப்பும் எண்ணப்பட்டபடியால், 1951ஐக் காட்டிலும் கீழூர்க் கணக்கு நம்பத்தக்கது. எனினும் அங்கே வோட்டளித்தவர்கள் பிரதிநிதிகளே. ஏர் பிடித்த குடியானவன் அல்லன். முடிவு நியாயமானது, முறையோ குறைபாடுடையது.

1963 ஜூலையில் குபேர் முதல் மந்திரியானார். 1964 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. செப்டம்பரில் அப்பதவி நெட்டப்பாக்கம் பகுதியினரான வெங்கடசுப்பா ரெட்டியாரிடம் சென்றது. கொடியேற்றிய மண்ணிலிருந்தே மாற்றுத் தலைவர் எழுந்தார். குபேர் 1979இல் காலமானார்.

அன்று ஒரு தலைவர் திரும்பிய திசையில் கொம்யூன்கள் திரும்பின. திசை நல்லதாய் அமைந்தது தேசத்தின் பாக்கியம். பாக்கியத்தை நம்பி ஜனநாயகம் நடத்தலாகாது. கிராமங்களில் ஊழியம் செய்யும் நண்பர்கள், வோட்டைத் திரட்டுவதற்கு முன்னர், அதை அளிப்பவனுக்கே உரியதாக்கப் பாடுபடுவார்களாக.